சட்டம் வந்தது! சாவி யாரிடம்?

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில் ஓக்லண்டு என்றொரு நகரம். 2022 நவம்பரில் அங்கே பள்ளிக் கல்வி வாரியத்தின் நான்காம் தொகுதிக்குத் தேர்தல். களத்திலே மூவர். எண்ணினார்கள். நிக் ரெஸ்னிக் வென்றார் என்று அறிவித்தார்கள். சான்றும் தந்தார்கள். விழுந்தது மாலை, தோற்றவர் தோளிலே!

எப்படி நேர்ந்தது இந்த விந்தை? கள்ள ஓட்டா? இல்லை. காலிகளின் கைவரிசையா? அதுவுமில்லை. எண்ணும் கணிப்பொறியிலே ஒரே ஓர் ஏற்பாட்டைத் தவறாக வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான்!

அங்கே நம்மைப்போல் ஒற்றைப் பொத்தானை அழுத்திவிட்டு வருவதில்லை. முதல் விருப்பம் இவர், இரண்டாவது அவர், மூன்றாவது இன்னொருவர் என்று வரிசை குறிக்கிறார்கள். எவரும் பாதியைத் தாண்டவில்லையா? கடைசியில் நிற்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அவற்றிலே கண்ட அடுத்த பெயருக்கு மாற்றுகிறார்கள். ஒருவர் பாதியைத் தாண்டும்வரை இதே வேலை.

"பாட்டாளிக்குப் புரியுமா இந்தப் பட்டியல்?" என்று பரிகசிப்போர் உண்டு. டீக்கடைக்கு வந்து பார்க்கட்டும் அவர்கள்! "டீ கொடு, பால் தீர்ந்துவிட்டதா, கடுங்காப்பி கொடு, அதுவும் இல்லையா, சோடா கொடு" என்கிறானே மூட்டை தூக்கும் தோழன், அவனுக்கு யார் வகுப்பு எடுத்தார்கள்?

இன்னும் கேள், தோழனே! நம் நாட்டிலேயே இந்த உரிமை இருக்கிறது. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் எம்.பி.க்களுக்கும் எம்.எல்.ஏ.க்களுக்கும். 1969-ல் வி.வி.கிரிக்குத் தேவைப்பட்டது 4,18,169. முதல் எண்ணிக்கையில் கிடைத்தது 4,01,515. இரண்டாம் விருப்பங்களைச் சேர்த்த பிறகே 4,20,077 பெற்று வென்றார். அனுப்பப்பட்டவர்களுக்கு வரிசை, அனுப்பியவனுக்கு ஒற்றைப் பொத்தான்!

ஓக்லண்டுக்குத் திரும்புவோம். சில வாக்காளர்கள் முதல் கட்டத்தை வெறுமையாக விட்டு, இரண்டாம் கட்டத்திலே குறியிட்டிருந்தார்கள். இரண்டாவதையே முதலாகக் கொண்டு எண்ண வேண்டும் என்பது விதி. பொறியோ முதற்சுற்றில் அவற்றை ஒதுக்கிவிட்டது. அதனால் மைக் ஹட்சின்சன் மூன்றாமவராகி நீக்கப்பட்டார். முறையாக எண்ணியிருந்தால் வென்றிருப்பவர் அவரே!

கண்டுபிடித்தவர்கள் யார்? அதிகாரிகளா? அல்ல. இந்த வாக்குமுறைக்காகப் போராடிய அமைப்பினர்! வெற்றி வந்தாயிற்று, வீட்டுக்குப் போகலாம் என்று அவர்கள் படுத்துவிடவில்லை. ஒவ்வொரு சீட்டிலும் கண்ட குறிகளை, போட்டவர் பெயரின்றி, பதிந்து வைத்த பட்டியலை எடுத்துத் தாங்களே எண்ணினார்கள். டிசம்பர் இறுதியில் மாவட்டத் தேர்தல் பதிவாளர் பிழையை ஒப்புக்கொண்டார். 2023 மார்ச்சில் நீதிமன்றம் ஹட்சின்சன் பக்கம் தீர்ப்பளித்தது.

சட்டத்தை வெல்வது ஒரு போர். எண்ணுகிற அலுவலகத்தை வெல்வது இன்னொரு போர். சான் பிரான்சிஸ்கோ மக்கள் 2002 மார்ச்சில் இம்முறையை ஏற்றார்கள். 2003 மேயர் தேர்தல் பழைய முறையிலேயே நடந்தது. "ஆயத்தமாகவில்லை" என்றது தேர்தல் துறை! 2004-ல்தான் நடைமுறைக்கு வந்தது. ஓக்லண்டு மக்கள் 2006-ல் வாக்களித்துக் கேட்டார்கள், கிடைத்தது 2010-ல். மக்கள் கொடுத்த தீர்ப்பு நான்காண்டுகள் மேசைமேல் உறங்கிற்று.

நியூயார்க்கிலோ வேறு கூத்து. 2021 ஜூனில், மேயர் வேட்பாளருக்கான கட்சித் தேர்தலிலே, சோதனைக்காகப் போட்ட ஏறத்தாழ 1,35,000 ஓட்டுகளை உண்மை ஓட்டுகளோடு கலந்து கணக்கை வெளியிட்டு, பிறகு திரும்பப் பெற்றது தேர்தல் வாரியம். பழி யார்மீது? "பார்த்தீர்களா, இந்த முறையே குழப்பம்!" என்றார்கள் எதிரிகள். சமையற்காரன் உப்பை மறந்தான்; அரிசியைத் திட்டினார்கள்!

அதற்காக அதிகாரியைப் பகைவனாக்கத் தேவையில்லை. அவர் சொல்லும் சங்கடங்களிலே நியாயமும் உண்டு. பொறி ஏற்குமா? சீட்டை எப்படி அச்சிடுவது? சாவடிதோறும் எண்ணிக் கூட்டிவிட முடியாதே. எல்லாச் சீட்டுகளின் விவரமும் ஓரிடம் சேர்ந்தாக வேண்டுமே! குறையும் உண்டு: குறித்த பெயரெல்லாம் நீக்கப்பட்டுவிட்டால் அந்தச் சீட்டு கடைசிச் சுற்றில் பேசாது. இதை மறைத்துப் பேசுகிறவன் அதிகாரி முன்னால் ஐந்து நிமிடம்கூட நிற்கமாட்டான்.

ஆகவே ஊர்வலமாகப் போகவேண்டாம். நாலு பேர் போங்கள், எழுத்திலே கேளுங்கள். வெறுமையாக விட்ட கட்டத்தைப் பொறி எப்படி எண்ணும்? ஒரே எண்ணை இருவருக்குப் போட்டால் என்ன செய்யும்? தேர்தலுக்கு முன்பு நடக்கும் சோதனையை நாங்கள் பார்க்கலாமா? சீட்டு விவரப் பட்டியலை எந்த நாளில் வெளியிடுவீர்கள், சான்றிதழ் கொடுப்பதற்கு முன்பா, பின்பா?

ஓக்லண்டிலே பிழை வெளிப்பட்டபோது சான்றிதழ் கொடுத்தாகிவிட்டது.