மின்சார அடுப்பு: தயாரிப்பாளர் சொல்லும் வயரிங் விதியும்

கன்னட நாட்டில் வாழும் தமிழருக்கும் மின்சாரத்திற்கும் உள்ள தொடர்பு நூற்றாண்டைக் கடந்தது. 1902ஆம் ஆண்டில் சிவசமுத்திர அருவியில் உற்பத்தியான மின்சாரம் முதன்முதலாகச் சென்றடைந்த இடம் கோலார் தங்க வயலாகும். அச்சுரங்கங்களில் இறங்கி உழைத்தவர்களுள் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த நம்மவர் மிகப் பலர். பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததோ அதற்கு மூன்றாண்டு கழித்து, 1905 ஆகஸ்டில்தான். அன்று சுரங்கத்திற்கு வந்த மின்சாரம் இன்று ஈஜிபுராவின் ஓரறை வீடுகளில் குழம்பைக் கொதிக்க வைக்கிறது.

சமையல் எரிவாயு தீர்ந்து அடுத்த சிலிண்டர் வரும்வரை துணையாக இருக்கட்டும் என்றோ, மூன்றாம் மாடிக்குச் சிலிண்டரைத் தூக்க இயலவில்லை என்றோ இண்டக்ஷன் அடுப்பு வாங்கும் குடும்பங்கள் நம்மிடையே பெருகிவிட்டன. பெட்டியைத் திறந்ததும் ஒரு வினா எழவேண்டும். ஆனால் பெரும்பாலோர்க்கு எழுவதில்லை. அடுப்புடன் வரும் விளக்கத்தாள் சொல்வதைச் செய்தால் போதுமா, வீட்டு வயரிங்குக்கு உரிய விதிகளையும் பார்க்க வேண்டுமா? இரண்டும் ஒன்றையே சொல்லும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அவ்வாறன்று.

விளக்கத்தாளைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிடப்பட்டு, நம் தாய்மார்கள் பலர் படிக்க இயலாமல் அட்டைப் பெட்டியோடு பரணுக்குப் போய்விடும் அத்தாளில் நல்ல செய்திகள் உள்ளன. எர்த் இணைப்புள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டில் தனியாகச் செருகுக; எக்ஸ்டென்ஷன் பெட்டியில் பிற கருவிகளோடு சேர்த்துச் செருகற்க; அடுப்பின் பின்புறம் காற்றுப்போக இடைவெளி விடுக; வயர் சேதமானால் தக்காரைக் கொண்டு மாற்றுக என்றெல்லாம் அது கூறும். எனினும் தயாரிப்பாளர் அறிந்தது தம்முடைய பொருளை மட்டுமே. உங்கள் சுவருக்குள் ஓடும் கம்பியின் தடிமனையோ, அதே கம்பியில் குளிர்சாதனப் பெட்டியும் மிக்ஸியும் தொங்குவதையோ அவர் அறியார். அவர் பேச்சு பிளக்கின் மூன்று முனைகளோடு முடிகிறது. மீட்டரிலிருந்து சாக்கெட் வரையிலும் உள்ள பாதையைப் பற்றிப் பேசுபவை விதிகளே.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். நம் வீடுகளில் உள்ள சிறிய சாக்கெட் 6 ஆம்பியருக்கு உரியது. அடுப்பின் பிளக் பருத்த முனைகளோடு வருவதற்குக் காரணமே, அது அச்சிறு துளைகளில் நுழையக்கூடாது என்பதுதான். அக்காவலை முறியடிக்க நாம் மாற்றுச் செருகி ஒன்றை வாங்கி வருகிறோம்! சாக்கெட் பழுப்பேறிக் கருகல் நாற்றம் வீசத் தொடங்குவது அதன் பின்னரே.

சரி, 16 ஆம்பியர் சாக்கெட்டையே பொருத்திவிட்டோம் என்று கொள்வோம். விளக்கத்தாளின் சொல் நிறைவேறிவிட்டது. விதி நிறைவேறியதா? இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வயரிங் நெறிநூல் (ஐ.எஸ். 732) தன் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில், விளக்கும் மின்விசிறியும் ஓடும் சுற்று ஒன்றில் பத்து முனைகளுக்கு மேலும் 800 வாட்டுக்கு மேலும் இருத்தலாகாது என்றது. மின்திறன் மிகுந்த கருவிகளுக்குத் தனிச்சுற்று வேண்டும் என்றும், அதில் இரண்டு சாக்கெட்டுகளுக்கு மேல் வேண்டாம் என்றும் வகுத்தது. சுவரின் முகப்பில் பெரிய சாக்கெட்டை வைத்து, பின்னால் பழைய விளக்குக் கம்பியையே முடிந்து கொடுத்தால், தாளின்படி சரி, நூலின்படி தவறு. 2000 வாட் அடுப்பும் 750 வாட் மிக்ஸியும் ஒருசேர ஓடினால் 12 ஆம்பியர் ஆகிறது. கம்பி உடனே உருகிவிடாது. ஆனால் தளர்ந்த ஒவ்வொரு முடிச்சும் நாள்தோறும் சூடேறும்.

இங்கே நிகழும் பெருந்தவறு ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அடுப்பை ஏற்றியதும் எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது. யாரோ ஒருவர் வந்து 10 ஆம்பியர் எம்.சி.பி.யைக் கழற்றி 20 ஆம்பியரை மாட்டிச் செல்கிறார். அதன்பின் அது விழுவதில்லை, வீட்டாருக்கும் மகிழ்ச்சி. அந்தச் சிறு கருவி அடுப்பைக் காக்க வைக்கப்பட்டதன்று, கம்பியைக் காக்க வைக்கப்பட்டது. கம்பியை மாற்றாமல் காவலை மட்டும் தளர்த்தினால், இனித் துண்டிக்கப்பட வேண்டிய இடத்தில் கம்பியே எரிய நேரும். மனிதரைக் காப்பது வேறொரு கருவி. கசியும் மின்சாரத்தை உணர்ந்து துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அது. வீடுகளுக்கு அதன் வரம்பு 30 மில்லியாம்பியரைத் தாண்டலாகாது என்று மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டு விதிகள் கூறின.

சிங்கப்பூர், மலேசியா, இலண்டன் ஆகிய இடங்களிலிருந்து உறவினர் கொண்டுவரும் சோறு வடிக்கும் கருவிகள் தனிக்கதை. அந்நாடுகளின் பிளக் சதுர முனைகள் உடையது. அதன் வயிற்றில் ஒரு சிறு பியூஸ் இருக்கும். பிரிட்டிஷ் வீடுகளில் ஒரே கம்பி வளையமாகச் சுற்றிப் பல சாக்கெட்டுகளுக்கும் மின்சாரம் தருவதால், ஒவ்வொரு பிளக்கிலும் தனிக்காவல் வேண்டியதாயிற்று. “13 ஆம்பியர் பியூஸ் இடுக” என்று அங்குள்ள விளக்கத்தாள் சொல்வது அவ்வமைப்பை எண்ணித்தான். பிளக்கை வெட்டியெறிந்து நம் ஊர்ப் பிளக்கை மாட்டும்போது அந்தக் காவலும் குப்பைக்குப் போகிறது. அமெரிக்காவிலிருந்து வரும் 120 வோல்ட் கருவியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

அந்த நாட்டிலும் நம் வினா எழாமலில்லை. 7200 வாட் மின்னடுப்பு முழுவதும் எரிந்தால் 31 ஆம்பியர் தாண்டும். எல்லா அடுப்பும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் எரிவதில்லை என்ற அனுபவத்தால், முதல் 10 ஆம்பியரை முழுமையாகவும், மீதியில் நூற்றுக்கு முப்பது வீதமும் கணக்கிட்டால் போதும் என்பது பிரிட்டிஷ் மின்பொறியாளர் வழக்கம். அதன்படி ஏறத்தாழ 16 ஆம்பியரே வருகிறது. தயாரிப்பாளரின் தாளோ அதைவிடப் பெரிய எண்ணைக் கேட்கக்கூடும். அங்குள்ள வயரிங் விதிநூல் தயாரிப்பாளரின் குறிப்பைக் கருத்திற்கொள்ளச் சொல்கிறது. நம் கருத்தும் அதுவே: தாள் கடுமையாக இருக்கும் இடத்தில் தாளைக் கேளுங்கள், விதி கடுமையாக இருக்கும் இடத்தில் விதியைக் கேளுங்கள். கடைக்காரரின் “ஒன்றும் ஆகாது” என்ற சொல் இரண்டிலும் சேராது.

எர்த் இணைப்பை மறவாதீர்கள். சாக்கெட்டில் மூன்றாவது துளை இருப்பதால் அதன் பின்னே கம்பி இருக்கிறது என்று நம்பிவிட இயலாது. பழைய கட்டடங்கள் சிலவற்றில் அத்துளை வெறும் அலங்காரமே. அடுப்பின்மேல் வைத்த எவர்சில்வர் பாத்திரத்தைத் தொட்டால் விரலில் மெல்ல அதிர்வு தோன்றுமாயின் அன்றே நிறுத்திவிட்டு, சோதிக்க ஆளை அழையுங்கள்.

யாரை அழைப்பது? பல்பு, விசிறி, பியூஸ், சுவிட்சு, வீட்டுக்கருவி ஆகியவற்றை, அமைப்பின் திறனும் தன்மையும் மாறாதபடி மாற்றிக்கொள்ள 1956ஆம் ஆண்டு மின்சார விதிகளே இடமளித்தன. பின்வந்த விதிகளும் அவ்வாறே. அதற்கு மேற்பட்ட வேலை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரருக்கே உரியது. அடுப்பைச் செருகுவது உங்கள் உரிமை. புதிய கம்பி இழுப்பது அவர் தொழில். கர்நாடக அரசின் மின் ஆய்வுத் துறை வழங்கிய உரிமம் உண்டா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

செலவுக்கணக்கும் உண்டு. 2000 வாட்டில் ஒன்றரை மணி நேரம் எரிந்தால் நாளொன்றுக்கு 3 யூனிட், மாதம் 90 யூனிட். 2023 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த கிருஹ ஜோதித் திட்டத்தின்படி, 200 யூனிட்டைத் தாண்டிய மாதத்திற்கு முழுத்தொகையும் செலுத்த வேண்டும் என்பதை அடுப்பு வாங்குமுன் எண்ணிப் பாருங்கள்.

வாடகைக்கும் லீசுக்கும் இருப்போர், தனிச்சுற்று இழுக்குமுன் வீட்டுக்காரரிடம் பேசி, செலவு யாருடையது, அட்வான்சில் கழிப்பதா, வீட்டைக் காலி செய்யும்போது கம்பி யாருக்கு என்பதை ஒப்பந்தத்தாளில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் பெறுவது நலம். ஒப்பந்தக்காரர் தரும் ரசீதின் நகல் ஒன்றையும் அத்தாளோடு சேர்த்து வையுங்கள்.