குணக்கேடு என்று ஒதுக்கப்படும் நோய்

பெங்களூரில் நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருக்கும் சாலைக்குப் பெயரே ஓசூர் சாலை. பாகலூர் பசுமைக்குடில்களின் ரோஜாவும், சிப்காட் கம்பெனிகளின் உதிரிபாகங்களும், வேலை தேடிப் போகும் பிள்ளைகளும் பயணப்படும் வழி அது. நாட்டின் முதன்மையான மனநல நிறுவனம் நம் ஓசூருக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. ஆனால், தொட்டதற்கெல்லாம் வெடித்து, அடுத்த நிமிடம் காலில் விழுந்து அழும் ஒரு பிள்ளையை அங்கே கூட்டிப்போகலாம் என்று நம் வீடுகளில் யாருக்கும் தோன்றுவதில்லை. "திமிர்", "கொழுப்பு", "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்று பேச்சு முடிந்துவிடுகிறது. அதிகம் போனால் மந்திரித்துக் கயிறு கட்டுவோம்.

இந்தத் தவிப்புக்குப் பின்னால் இருக்கக்கூடிய ஆளுமைக் கோளாறு என்பதை முதலில் தெளிவாகப் புரிந்துகொள்வோம். கோபம், சந்தேகம், பிடிவாதம் எல்லாருக்கும் உண்டு. ஒருவர் தன்னையும் பிறரையும் பார்க்கும் விதமே வளரிளம் பருவத்திலோ இளவயதிலோ இறுகிப்போய், வீடு, வேலை, நட்பு என எல்லா இடத்திலும் ஆண்டுக்கணக்கில் அவரையும் சுற்றியிருப்பவரையும் துன்புறுத்தினால் அதைத்தான் மருத்துவர்கள் கோளாறு என்கிறார்கள். அதிகம் பேசப்படுவது பார்டர்லைன் வகை. தன்னை விட்டுப் போய்விடுவார்களோ என்ற தாங்கமுடியாத பயம், காலையில் தெய்வமாகத் தெரிந்தவர் மாலையில் எதிரியாகத் தெரிவது, உள்ளே தீராத வெறுமை, கையைக் கிழித்துக்கொள்வது, இவையெல்லாம் அதன் முகங்கள். யாரையும் நம்ப முடியாதவர்கள், பிறர் வலி உறைக்காதவர்கள் என்று வேறு வகைகளும் உண்டு. 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் பழைய வகைப் பெயர்களில் பெரும்பாலானவற்றைக் கைவிட்டு, பாதிப்பு லேசானதா, நடுத்தரமா, கடுமையா என்றே முதலில் பார்க்கச் சொல்கிறது. இது நல்ல மாற்றம். பெயர் சூட்டுவதைவிட அவர் எவ்வளவு அவதிப்படுகிறார் என்று அறிவதுதான் முக்கியம்.

இருதுருவ மனநோயில் எழுச்சியும் சோர்வும் நாட்கணக்கில், வாரக்கணக்கில் வந்து போகும். மனச்சிதைவில் இல்லாத குரல்கள் கேட்கும், நடக்காதவை நடப்பதாக உறுதியாகத் தோன்றும். இவை இரண்டும் ஆளுமைக் கோளாறிலிருந்து வேறானவை. 2005இல் வெளிவந்த 'சந்திரமுகி', 'அந்நியன்' படங்கள், மனநோய் என்றால் ஒரே உடம்புக்குள் இன்னொரு ஆள் புகுந்துகொண்டு கொலைக்குக் கிளம்புவது என்ற எண்ணத்தை நம்மிடம் ஆழமாக ஊன்றிவிட்டன. உண்மையில் பார்டர்லைன் பாதிப்பு உள்ளவர் பெரும்பாலும் காயப்படுத்துவது தன்னைத்தான்.

நம் பகுதியைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை. வாரம் மாற்றி வாரம் நைட் ஷிஃப்ட் பார்த்து, விடுதியில் ஆறு பேரோடு ஒரே அறையில் படுக்கும் பெண்ணுக்கு எரிச்சல் வருவது நோயாக இருக்க வேண்டியதில்லை. தூக்கமின்மை, குடி, தைராய்டு, மேற்பார்வையாளரின் சீண்டல், வீட்டில் வாங்கும் அடி, இவற்றில் எதுவும் ஒருவரை அப்படி ஆக்கக்கூடும். அடிக்கும் கணவன், அழுது கத்தும் மனைவியை "மெண்டல்" என்று சொல்வது பல வீடுகளில் நடக்கிறது. ஆளுமைக் கோளாறைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. மனநல மருத்துவரும் மருத்துவ உளவியலாளரும் நேரமெடுத்துப் பேசி, வாழ்க்கை வரலாற்றைக் கேட்டறிந்துதான் முடிவுக்கு வர முடியும். யூடியூப் பார்த்துவிட்டு மருமகளுக்கோ மேலாளருக்கோ இந்தப் பெயரைச் சூட்டுவது அநியாயம்.

நல்ல செய்தியும் இருக்கிறது. இதற்கு முதன்மையான சிகிச்சை மாத்திரை இல்லை, பேச்சுதான். கூடவே இருக்கும் மனச்சோர்வுக்கோ தூக்கமின்மைக்கோ மருந்து தேவைப்படலாம். அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, பொங்கும் உணர்ச்சியைத் தாங்கவும் தன்னைக் காயப்படுத்தாமல் அந்த நேரத்தைக் கடக்கவும் படிப்படியாகப் பயிற்றுவிக்கிறது. அவரே இளம்வயதில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டு மனநல மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்தவர். இதை 2011இல் வெளிப்படையாகச் சொன்னார். பார்டர்லைன் நோயாளிகளை 10 ஆண்டுகள், அதற்கும் மேல் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் பெரும்பாலோருக்கு அறிகுறிகள் தணிந்துவிட்டன. "பிறவிக் குணம் மாறாது" என்பது இங்கே பொய்.

ஆபத்து எங்கே இருக்கிறதென்றால், தன்னை மாய்த்துக்கொள்ளத் தூண்டும் அந்தப் பத்து நிமிட ஆவேசத்தில். பூவும் காய்கறியும் பயிராகும் ஊர் இது. வீட்டு மூலையிலேயே பூச்சிமருந்து இருக்கும். அதைப் பூட்டி வையுங்கள், சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். யாராவது தவறான முடிவுக்கு முயன்றுவிட்டால், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மருத்துவரிடம் பொய் சொல்லாதீர்கள். சிகிச்சைக்கான நேரம் அதில் வீணாகிறது. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017இன் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதி, தண்டிக்காமல் காக்கச் சொல்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைத் தண்டித்த பழைய 309ஆம் பிரிவே இல்லை.

சிகிச்சை என்ற பெயரில் அடைத்துவைப்பதும் ஆபத்துதான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் எரிந்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியின்றிக் கருகினார்கள்; 28 உயிர்கள் போயின. மனநலப் பாதுகாப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்திருக்கிறது. குடிமறுவாழ்வு மையமானாலும் தனியார் காப்பகமானாலும் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஒருவரின் சம்மதமின்றிச் சேர்க்க வேண்டுமானால் அவர் சார்பாகச் செயல்படும் நியமனப் பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும், இருவர் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும், முதலில் 30 நாள்தான் வைத்திருக்கலாம். பெண்ணோ சிறாரோ சேர்க்கப்பட்டால் 3 நாளுக்குள்ளும், மற்றவர்களென்றால் 7 நாளுக்குள்ளும் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சேர்க்கப்பட்டவரும் அந்த வாரியத்திடம் முறையிடலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவருக்கு, அதற்கான அட்டை கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநல நிலையங்களில் சிகிச்சை இலவசம். உங்கள் சிகிச்சை விவரத்தை மருத்துவர் உங்கள் கம்பெனிக்குச் சொல்லக் கூடாது.

கல்யாண விஷயம்தான் நம்மை அதிகம் பயமுறுத்துகிறது. இந்து திருமணச் சட்டத்தில் மனநோய் விவாகரத்துக்கு ஒரு காரணம். ஆனால், மருந்துச்சீட்டைக் காட்டினால் போதாது. சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு அது இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். மனச்சிதைவு வழக்கு ஒன்றில் 1988இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. எனவே மனநல மருத்துவரிடம் போனால் வாழ்க்கையே போய்விடும் என்று பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். சட்ட உதவி தேவைப்பட்டால் இலவச எண் 15100.

தொழிற்சாலைத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. சம்பளத்தில் ஈஎஸ்ஐ பிடிக்கிறார்கள் என்றால் மனநல சிகிச்சைக்கும் அது செல்லும். மருத்துவர் சான்றளித்தால் நோய்க்கால விடுப்பில் சராசரிக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். வெட்கப்பட்டு லீவு போட்டு, சம்பளத்தையும் வேலையையும் இழந்தவர்கள்தான் இங்கே அதிகம்.

ஆளுமைக் கோளாறு உள்ளவர்களோடு வாழ்பவர்களின் வலியையும் நான் மறக்கவில்லை. நோய் இருப்பது யாரையும் அடிக்க உரிமை தராது. அடிபடும் பெண், "அவருக்கு மனசு சரியில்லை" என்று பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவருக்கும் உண்டு. 181 என்ற எண்ணை அழைக்கலாம். அடிப்பவருக்குச் சிகிச்சை தேடுவதும் தன் உயிரைக் காத்துக்கொள்வதும் ஒன்றுக்கொன்று எதிரானவை இல்லை.

மாவட்ட மனநலத் திட்டக் குழு எந்த நாளில் எங்கே வருகிறது என்று ஓசூர் அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம். சிக்கலான நிலையென்றால் நிம்ஹான்ஸ் இருக்கிறது. நள்ளிரவானாலும் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. வீட்டில் யாராவது "நான் இருந்து என்ன பயன்" என்று சொன்னால் வாதாடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், அன்றைக்கே அந்த எண்ணை அழையுங்கள்.