தகுதியும் தெரிவும்: பெரும்பந்தயக் களத்திற்குக் குதிரைகள் வந்து சேரும் வழி



சிம்பாங் பூலாய் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த பலருக்கு முதலில் அறிமுகமான குதிரை, மதுரை வீரன் கோயிலிலோ முனீஸ்வரன் கோயிலிலோ முன்னங்கால் தூக்கி நின்ற சுதைக் குதிரைதான். உயிருள்ள குதிரை ஓடுவதைக் காண ஈப்போவுக்குச் செல்லவேண்டும். அங்கே ராஜா டிஹிலிர் சாலையில் பேராக் டர்ஃப் கிளப்பின் பந்தயத் திடல் இருக்கிறது.

குதிரைப் பந்தயம் என்றவுடன் பணம் வைத்து ஆடும் சூதே பலர் நினைவுக்கு வரும். இவ்வுரையின் பொருள் அதுவன்று. ஒரு பெரும்பந்தயத்தின் தொடக்கக் கோட்டில் நிற்கும் உரிமையை ஒரு குதிரை எவ்வாறு பெறுகிறது என்பதையே இங்கு விளக்க முற்படுகிறேன். மொழி அவையில் இதைப் பேசக் காரணம் உண்டு. 'தகுதி', 'தெரிவு' என்னும் இரு சொற்களை நாம் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக ஆண்டு வருகிறோம். தகுதி என்பது விதிகளை நிறைவு செய்வது. தெரிவு என்பது தகுதியுடையோர் பலருள் சிலரை எடுத்துக்கொள்வது. இவ்விரண்டும் வெவ்வேறு என்பதைக் குதிரைப் பந்தயம் தெளிவாகக் காட்டுகிறது.

1. பிறப்பும் அகவையும்

முதல் வாயில் பிறப்பு. உலகின் புகழ்பெற்ற பெரும்பந்தயங்கள் பலவும் 'தரோபிரெட்' என்னும் ஒரே இனத்திற்கு உரியவை. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் கீழை நாடுகளிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட மூன்று ஆண்குதிரைகளே இவ்வினத்தின் தந்தைவழி மூலம். 1791ஆம் ஆண்டு முதல் இவற்றின் வழிமுறை அங்கே ஏட்டில் பதியப்பட்டு வருகிறது. செயற்கை முறைக் கருவூட்டலில் பிறந்த குட்டியை இவ்வினப் பதிவேடு ஏற்பதில்லை. அக்குட்டி எவ்வளவு விரைந்து ஓடினாலும் முதல் வாயில் அதற்குத் திறக்காது.

இரண்டாவது வாயில் அகவை. 1780இல் தொடங்கிய எப்சம் டெர்பியும், 1875இல் தொடங்கிய கென்டக்கி டெர்பியும் மூன்று அகவைக் குதிரைகளுக்கு மட்டுமே உரியவை. மும்பை மகாலட்சுமி திடலில் 1943 முதல் நடைபெறும் இந்திய டெர்பி, நான்கு அகவைக் குதிரைகளுக்கு உரியது. ஆகவே ஒரு குதிரைக்கு டெர்பி வாய்ப்பு வாழ்நாளில் ஒரே முறைதான். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்னும் பேச்சுக்கு அங்கு இடமில்லை.

குதிரையின் அகவையைக் கணக்கிடும் முறையும் தனித்தன்மை உடையது. வடகோளத்தில் பிறந்த பந்தயக் குதிரைகள் அனைத்திற்கும் சனவரி 1 பொதுப் பிறந்தநாள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற தென்கோள நாடுகளில் அது ஆகஸ்டு 1. சனவரியில் பிறந்த குட்டியும் மே மாதத்தில் பிறந்த குட்டியும் வடகோளத்தில் ஒரே அகவை உடையனவாகவே கொள்ளப்படும். வளரும் பருவத்தில் நான்கு மாத வேறுபாடு சிறிதன்று. ஒரே வகுப்பில் சனவரியில் பிறந்த பிள்ளையையும் திசம்பரில் பிறந்த பிள்ளையையும் கண்ட ஆசிரியர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2. கூண்டுப் பழக்கம்

நம் நாட்டில் ஓடும் குதிரைகளுள் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வருபவை. புதிய குதிரை, பந்தயத்தில் இறங்குமுன் சோதனை ஓட்டம் ஒன்றில் தேறவேண்டும். இரும்புத் தொடக்கக் கூண்டுக்குள் அமைதியாக நுழைய வேண்டும். கதவு திறந்ததும் நேராகப் புறப்பட வேண்டும். போதிய விரைவும் காட்ட வேண்டும். மிரளும் குதிரை தன்னையும் தன் மீதிருப்பவரையும் பக்கத்துக் குதிரைகளையும் இடருக்கு உள்ளாக்கும் என்பதே இதற்குக் காரணம்.

இதுவரை கூறியவை தகுதி நிலைகள். ஒவ்வொரு குதிரையும் தன்னளவில் இவற்றை நிறைவு செய்யலாம். மற்றொரு குதிரையின் தோல்வி இதற்குத் தேவையில்லை. இனி வருவது தெரிவு. இங்கே இடங்கள் எண்ணப்பட்டவை.

3. எடையால் நிகராக்குதல்: மெல்பர்ன் கோப்பை

1861 முதல் ஆஸ்திரேலியாவில் நடைபெறும் மெல்பர்ன் கோப்பையின் தொலைவு இன்று 3,200 மீட்டர். ஓடக்கூடியவை 24 குதிரைகள் மட்டுமே. இது 'ஹேண்டிகேப்' வகைப் பந்தயம். முந்தைய ஓட்டங்களை ஆராய்ந்து, வலிய குதிரைக்குக் கூடுதல் எடையும் எளிய குதிரைக்குக் குறைந்த எடையும் விதிப்பர். ஓட்டுநரின் எடை போதாதபோது சேணத்தில் ஈயத் தகடுகள் சேர்க்கப்படும்.

ஃபார் லாப் என்னும் நியூசிலாந்தில் பிறந்த குதிரை, 1930இல் ஏறக்குறைய 62.5 கிலோ சுமந்து இக்கோப்பையை வென்றது. மறு ஆண்டு அதற்கு 68 கிலோ விதிக்கப்பட்டது, எட்டாவதாக வந்தது. வெற்றியே அதன் சுமையாயிற்று.

பெயர் கொடுத்தவை 24ஐ விஞ்சினால், விதிக்கப்பட்ட எடை முதலியவற்றைக் கொண்டு வரிசை அமைக்கப்படும். கால்ஃபீல்டு கோப்பை போன்ற குறிப்பிட்ட சில பந்தயங்களில் வென்ற குதிரை, வரிசையில் காத்திராமல் நேரே இடம்பெறும்.

4. புள்ளிகளால் வரிசையாக்குதல்: கென்டக்கி டெர்பி

வட அமெரிக்காவில் ஆண்டுதோறும் 10,000க்கும் மிகுதியான தரோபிரெட் குட்டிகள் பிறக்கின்றன. அவற்றுள் கென்டக்கி டெர்பியில் ஓடுபவை 20 மட்டுமே. முன்பு, பெரிய பந்தயங்களில் ஈட்டிய பரிசுப்பணமே வரிசையை முடிவு செய்தது. குறுந்தொலைவுப் பந்தயத்தில் பெரும்பரிசு வென்ற குதிரை, ஏறத்தாழ 2,000 மீட்டர் ஓடும் ஆற்றலைக் காட்டாமலே இடம்பிடிக்க அம்முறை வழிவிட்டது. 2013 முதல் புள்ளிமுறை நடப்பில் உள்ளது. குறித்த பந்தயங்களில் முன்னணியில் வருபவை மட்டுமே புள்ளி பெறும். டெர்பி நெருங்க நெருங்கப் புள்ளிகளும் உயரும்.

ஃபோர்ட்டே என்னும் குதிரையின் கணக்கைப் பாருங்கள். 2022 இலையுதிர் காலத்தில் இரு வெற்றிகளுக்கு 10, 30, 2023இல் ஃபவுண்டன் ஆஃப் யூத் வெற்றிக்கு 50, ஃபுளோரிடா டெர்பி வெற்றிக்கு 100, ஆகமொத்தம் 190. நெடுங்காலத் தேர்ச்சியையும் அண்மைய ஆற்றலையும் ஒருங்கே மதிக்கும் கணக்கு இது.

5. இறுதி வாயில்

ஆயினும் 2023 டெர்பியில் ஃபோர்ட்டே ஓடவில்லை. பந்தயத்தன்று காலை கால்நடை மருத்துவர்கள் அதன் குளம்பில் கன்றல் கண்டு விலக்கினர். 190 புள்ளிகளும் மருத்துவரின் ஒரு சொல்லுக்கு ஈடாகவில்லை. அந்தப் பருவத்தில் அதே திடலில் 12 குதிரைகள் உயிரிழந்தன என்பதை எண்ணினால் இக்கண்டிப்பின் இன்றியமையாமை விளங்கும். அன்று வென்ற மேஜ் என்னும் குதிரை, இரண்டு அகவையில் ஒரு பந்தயத்தில்கூட ஓடியதில்லை.

அதற்கு முந்திய ஆண்டின் நிகழ்ச்சி இன்னும் வியப்புக்குரியது. ரிச் ஸ்டிரைக் என்னும் குதிரை 30,000 டாலருக்குக் கைமாறியது. பெரும்பந்தயக் குதிரைகளின் விலையை நோக்க இது மிகச் சிறு தொகை. முன்னோட்டப் பந்தயம் ஒன்றில் மூன்றாவதாக வந்து 20 புள்ளி பெற்றது. ஆனால் 20 இடங்களும் நிறைந்துவிட்டமையால் காத்திருப்போர் பட்டியலில் நின்றது. டெர்பிக்கு முந்தைய நாள் காலை, மாற்றத்திற்குரிய நேரம் முடியும் தறுவாயில், வேறொரு குதிரை விலகியது. கடைசி இடத்தில் ரிச் ஸ்டிரைக் நுழைந்தது. மே 7, 2022 அன்று, ஒன்றுக்கு எண்பது என மதிப்பிடப்பட்ட அக்குதிரை, கூட்டத்தின் வெளிப்புறக் கூண்டிலிருந்து புறப்பட்டு, இறுதிக் கட்டத்தில் உட்புறமாக முந்தி வென்றது.

6. இரு சொற்கள்

விலகல் நிகழாதிருந்தால் ரிச் ஸ்டிரைக்கைப் பற்றி நாம் என்ன சொல்லியிருப்போம்? 'தகுதி பெறவில்லை' என்றே எழுதியிருப்போம். அது பிழை. பிறப்பு, அகவை, பயிற்சி, உடல்நலம் அனைத்திலும் அதற்குத் தகுதி இருந்தது. இல்லாதிருந்தது ஓர் இடம். வியாழக்கிழமை இரவுக்கும் வெள்ளிக்கிழமை காலைக்கும் இடையில் அக்குதிரையின் ஆற்றல் மாறவில்லை. பட்டியல்தான் மாறியது.

இடங்கள் எண்ணப்பட்ட எக்களத்திலும் தெரிவு இன்றியமையாதது. எடையோ புள்ளியோ, ஏதேனும் ஓர் அளவுகோல் வேண்டும். பரிசுப்பணத்தைக் கைவிட்டுப் புள்ளிமுறைக்கு மாறியதுபோல், அளவுகோலைத் திருத்திக்கொள்ளும் நேர்மையும் வேண்டும். திருக்குறளில் 'தெரிந்துதெளிதல்' என ஓர் அதிகாரம் அமைந்திருப்பதும் தெரிவு எளிய வினையன்று என்பதாலேயே.

நம் பள்ளிகளிலும் இதுவே நிகழ்கிறது. பேச்சுப் போட்டிக்கு ஒருவரை அனுப்புகிறோம். மேற்கல்விக்கு விண்ணப்பித்தோருள் சிலருக்கே இடம் கிடைக்கிறது. எஞ்சிய மாணவரிடம் நாம் ஆளும் சொல் எது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். 'உனக்குத் தகுதியில்லை' என்பது அம்மாணவரைப் பற்றிய தீர்ப்பு. 'நீ தெரிவு செய்யப்படவில்லை' என்பது இடங்களைப் பற்றிய செய்தி. முன்னதைக் கேட்ட பிள்ளை பயிற்சியை விட்டுவிடக்கூடும். பின்னதைக் கேட்ட பிள்ளை காத்திருப்போர் பட்டியலிலும் ஆயத்தமாக நிற்கும். ரிச் ஸ்டிரைக்கின் பயிற்சியாளர் அந்த வெள்ளிக்கிழமை காலை வரை குதிரையை ஆயத்தமாகவே வைத்திருந்தார். அதனால்தான் கதவு திறந்தபோது அதனால் ஓட முடிந்தது.