காரட் சரி, காரட் மாத்திரை?

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப பெரியப்பா ஒரு மாத்திரை அட்டையை நீட்டி, "இதைப் படிச்சுச் சொல்லுடா, நல்லதுதானே?" என்றார். ஆன்டி-ஆக்ஸிடன்ட் கேப்ஸ்யூல். நண்பர் ஒருத்தர் வாங்கிக் கொடுத்தாராம். பின்பக்கம் பொடி எழுத்தில் ஏழெட்டுப் பெயர்கள், அதில் ஒன்று பீட்டா கரோட்டின். பெரியப்பா முப்பது வருஷமாக பீடி குடிப்பவர். "பீடியைத்தான் விட முடியல, நுரையீரலுக்கு இதையாவது பண்ணுவோமே" என்றார்.

எனக்குப் பகீரென்றது. காரணம், பின்லாந்தில் நடந்த ஒரு ஆய்வு.

கதை அதற்கும் முன்னால் தொடங்குகிறது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்த பல ஆய்வுகள் ஒரே விஷயத்தைச் சொல்லின: காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு. இரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம் உள்ளவர்களுக்கும் குறைவு. காரட், பூசணி, பப்பாளிக்கு நிறம் தருகிற பொருள் அது. உடம்பு அதிலிருந்து வைட்டமின் ஏ தயாரித்துக்கொள்ளும். 1981-இல் ரிச்சர்ட் பீட்டோ, ரிச்சர்ட் டால் முதலானோர் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். உணவிலுள்ள பீட்டா கரோட்டின் புற்றுநோயைக் கணிசமாகக் குறைக்குமா என்று தலைப்பிலேயே கேள்வி. கேள்விதான், பதில் இல்லை என்பதைக் கவனிக்கணும். சோதித்துப் பார்க்க வேண்டிய விஷயம் என்ற அளவில்தான் அவர்கள் நிறுத்தினார்கள்.

சோதித்தார்கள். 1985-இல் தொடங்கி, பின்லாந்து பொதுச் சுகாதார நிறுவனமும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனமும் சேர்ந்து, 50 முதல் 69 வயது வரையுள்ள 29,133 ஆண்களைச் சேர்த்தார்கள். அத்தனை பேரும் சிகரெட் பிடிப்பவர்கள். குலுக்கல் முறையில் நாலு குழு: பீட்டா கரோட்டின் (தினம் 20 மில்லிகிராம்), வைட்டமின் ஈ, இரண்டும், வெறும் போலி மாத்திரை. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. ஐந்திலிருந்து எட்டு வருஷம் கொடுத்தார்கள்.

1994-இல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் எடுத்தவர்களில் 474 பேருக்கு நுரையீரல் புற்றுநோய், எடுக்காதவர்களில் 402. குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது! மொத்த மரணங்களும் 8 சதவீதம் அதிகம்.

18 சதவீதம் என்றதும் பயந்துவிட வேண்டாம், கணக்கைப் பார்ப்போம். இரண்டு பக்கமும் ஏறக்குறைய பதினாலாயிரத்து ஐந்நூறு பேர். அதாவது ஆயிரம் பேரில் 28 என்று இருந்தது 33 ஆனது. ஆயிரத்துக்கு ஐந்து பேர் கூடுதல். சின்ன எண்தான். ஆனால் குறைக்கும் என்று நம்பிக் கொடுத்த மாத்திரை இது.

தற்செயலா இருக்குமோ என்ற சந்தேகம் வந்தது, நியாயமான சந்தேகம்தான். அதே சமயத்தில் அமெரிக்காவில் கேரட் என்ற பெயரிலேயே (பெயரைப் பாருங்க!) இன்னொரு ஆய்வு ஓடிக்கொண்டிருந்தது. புகைப்பவர்கள், புகைப்பதை விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை பார்த்தவர்கள் என்று 18,314 பேர். பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-வும் சேர்த்துக் கொடுத்தார்கள். 1996 ஜனவரியில், முடிய 21 மாதம் இருக்கும்போதே நிறுத்திவிட்டார்கள். அங்கே புற்றுநோய் 28 சதவீதம் அதிகம், மரணம் 17 சதவீதம் அதிகம். பெரும்பாலும் புகைக்காத 22,071 அமெரிக்க ஆண் டாக்டர்களிடம் 12 வருஷம் நடந்த மூன்றாவது ஆய்வில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

அப்போ பழைய ஆய்வுகள் பொய்யா? இல்லை. இந்த விஷயத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். அதே பின்லாந்து ஆய்வில், மாத்திரை கொடுக்கத் தொடங்கும் முன்பே எல்லாருடைய இரத்தத்தையும் சோதித்திருந்தார்கள். அப்போது பீட்டா கரோட்டின் அதிகம் இருந்தவர்களுக்குப் பின்னால் புற்றுநோய் குறைவாகத்தான் வந்தது. பழைய முடிவு அப்படியே நிற்கிறது, மாத்திரைதான் கெடுத்தது. இரத்தத்திலிருந்த பீட்டா கரோட்டின் ஒரு அடையாளம் மட்டும்தான் என்பது இதற்குப் பொருத்தமான விளக்கம். காய்கறி நிறையச் சாப்பிடுகிறவர் சிகரெட்டைக் குறைவாகப் பிடிப்பார், உடம்பைக் கவனிப்பார். காய்கறியில் நூறு வேறு பொருட்களும் இருக்கும். வாசலில் செருப்பு நிறையக் கிடந்தால் உள்ளே விசேஷம் என்று தெரிந்துகொள்ளலாம். செருப்பை வாங்கிக் குவித்தால் விசேஷம் நடந்துவிடுமா?

அளவும் ஒரு காரணம். அந்த மாத்திரை இரத்தத்தில் பீட்டா கரோட்டினைப் பத்து மடங்குக்கு மேல் ஏற்றியது. ஃபெரெட் என்ற, கீரி மாதிரியான விலங்கிடம் செய்த சோதனையில், சிகரெட் புகையும் அதிக பீட்டா கரோட்டினும் சேர்ந்தபோது நுரையீரல் செல்கள் புற்றுக்கு முந்தைய நிலைக்கு மாறியதைப் பார்த்திருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு வைட்டமின் மாத்திரையே விஷம் என்று கிளம்பிவிடாதீங்க. 1990-இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் திருச்சிப் பக்கத்தில் 15,419 சின்னக் குழந்தைகளிடம் ஒரு ஆய்வு செய்து வெளியிட்டார்கள். வாரம் ஒருமுறை சிறு அளவு வைட்டமின் ஏ. இறப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. அந்தக் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ பற்றாக்குறை இருந்தது. குறை இருக்கிற இடத்தில் அதே பொருள் உயிர் காக்கும். பின்னால் உத்தரப்பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் பலன் மிகச் சிறியதாகத்தான் வந்தது. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

இன்னொரு விஷயம், புகைப்பதை விட்டுவிட்டவர்களுக்கு. வயதானவர்களின் விழித்திரைத் தேய்வுக்குக் கொடுக்கும் கண் மாத்திரையில் முன்பு பீட்டா கரோட்டின் இருந்தது. 2013-இல் வந்த ஆய்வில் பீட்டா கரோட்டின் பிரிவில் 23 பேருக்கு நுரையீரல் புற்றுநோய், அது இல்லாத பிரிவில் 11 பேருக்கு. பெரும்பாலோர் எப்போதோ சிகரெட்டை விட்டவர்கள். அதன் பிறகு லூட்டீன், ஸியாசாந்தின் சேர்த்த மாத்திரையையே சொல்கிறார்கள். வீட்டில் யாராவது இந்த வகை மாத்திரை எடுத்தால் லேபிளைத் திருப்பிப் பாருங்க, டாக்டரிடமும் கேளுங்க.

பெரியப்பாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "உங்களுக்கு இது வேண்டாம் பெரியப்பா, பீடி குடிக்கிறவங்களுக்கு இது ஆகாதுன்னு சோதிச்சுப் பார்த்திருக்காங்க" என்றேன். "காரட் சாப்பிடலாமா?" என்றார். தாராளமா சாப்பிடுங்க என்றேன். அட்டையை என்னிடமே கொடுத்துவிட்டார். அதில் வைட்டமின் ஈ-யும் இருக்கிறது. அது ஆண்களின் புராஸ்டேட்டில் செய்த வேலை தனிக்கதை, அடுத்த பதிவில் எழுதுகிறேன்.