'டிரான்ஸ்' பாணியில் ஓவியத்தைத் திருடலாம்... யாரிடம் விற்பது?

லண்டனில் ஏலம் நடந்துகொண்டிருக்கும்போதே ஸ்பானிய ஓவியர் கோயாவின் படைப்பு ஒன்றைக் கொள்ளைக் கும்பல் குறிவைக்கிறது. உள்ளிருந்து உதவுபவர் ஏல நிறுவன ஊழியர் சைமன். சூதாட்டக் கடன் அவருக்கு.

கொள்ளையின்போது சைமனுக்குத் தலையில் பலத்த அடி. ஓவியத்தை எங்கே ஒளித்தோம் என்பதே மறந்துபோகிறது. கும்பல் நம்புமா? நகங்களைப் பிடுங்குகிறது. பலனில்லை. கடைசியில் மனோவசிய நிபுணரிடம் அனுப்பிவைக்கிறது.

டேனி பாயில் இயக்கிய 'டிரான்ஸ்' (2013) படத்தின் கதை இது. ரத்தம் கொஞ்சம் அதிகம். போகப் போக சைமன்மீது இருந்த பரிதாபமும் கரைந்துவிடும்.

படம் முழுக்க ஒரே கேள்வி: ஓவியம் எங்கே? நிஜத் திருடர்களுக்குத் தலைவலி தரும் கேள்வி வேறு. சரி, திருடியாச்சு. அப்புறம்?

விற்கவே முடியாதா?

புகழ்பெற்ற ஓவியம் என்றால் பெரும்பாலும் முடியாது. திருட்டுப்போன மறுநாளே அதன் படம் உலகெங்கும் செய்தியாகிவிடும். இன்டர்போல் பட்டியலில் மட்டும் 50,000க்கும் மேற்பட்ட கலைப்பொருள்கள் உள்ளன. இலவசச் செயலி வழியாக நாமும் அதில் தேடலாம். பெரிய ஏல நிறுவனங்கள் இத்தகைய பட்டியல்களைப் பார்க்காமல் எதையும் ஏலத்துக்கு எடுப்பதில்லை.

"ரகசியமா வாங்க ஒரு கோடீஸ்வரர் இருப்பாரே?" என்று கேட்கலாம். அந்த எண்ணத்தைப் பரப்பியதில் சினிமாவுக்குப் பங்குண்டு. 1961இல் லண்டன் தேசிய ஓவியக்கூடத்திலிருந்து கோயா வரைந்த வெல்லிங்டன் பிரபுவின் உருவப்படம் காணாமற்போனது. அடுத்த ஆண்டு வந்த முதல் ஜேம்ஸ் பாண்ட் படமான 'டாக்டர் நோ'வில் அது வில்லனின் மாளிகையில் இருக்கும்! நிஜத்திலோ 1965இல் பர்மிங்காம் ரயில் நிலையத்தின் பொருள் பாதுகாப்பு அறையில் கிடைத்தது. பொறுப்பேற்றுச் சரணடைந்தவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற சாதாரண மனிதர். ஓவியத்தைத் திருடிய குற்றச்சாட்டிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். சட்டகத்தைத் திருடியதற்கு மட்டும் 3 மாதச் சிறை.

அப்படியானால் ஏன் திருடுகிறார்கள்?

சிலர் யோசிக்காமல் திருடிவிட்டுப் பிறகு முழிப்பார்கள். ஆனால் நிழல் உலகில் ஓவியத்துக்கு வேறொரு பயன் உண்டு. பின்னாளில் பிடிபட்டால் அரசாங்கத்துடன் பேரம் பேச அது ஒரு துருப்புச் சீட்டு.

2002இல் ஆம்ஸ்டர்டாமின் வான் கோ அரும்பொருளகத்தில் ஏணி வைத்து ஏறி இருவர் 2 ஓவியங்களைத் திருடினர். இருவரும் சிறைக்குப் போனார்கள், ஓவியங்கள் கிடைக்கவில்லை. அவற்றை வாங்கி வைத்திருந்தவர் இத்தாலியப் போதைப்பொருள் கும்பல் தலைவர் ரஃபாயேலே இம்பெரியாலே. 2016இல் நேப்பிள்ஸ் அருகே ஒரு வீட்டில் காவல்துறை ஓவியங்களை மீட்டது. ஒன்றின் மூலையில் வண்ணம் பெயர்ந்து போயிருந்தது.

ஓவியம் பணக்கட்டு மாதிரி இல்லை. சுருட்டினால் விரிசல், ஈரம் பட்டால் பூஞ்சை. திருடன் பிடிபட்டாலும் அந்த வண்ணம் திரும்ப வராது.

கோயா ஓவியம் இப்போது எங்கே?

'டிரான்ஸ்' கும்பல் தேடிய ஓவியம் மட்ரிட் நகரின் பிராடோ அரும்பொருளகத்தில் பத்திரமாக உள்ளது.

ஆனால் அதே படத்தில் சைமன் பேசும் இன்னோர் ஓவியம் உண்மையிலேயே தொலைந்தது. கலிலேயாக் கடலின் புயலை ரெம்பிராண்ட் 1633இல் வரைந்தார். 1990 மார்ச் 18ஆம் தேதி, காவலர் உடையில் வந்த இருவர் பாஸ்டனின் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அரும்பொருளகத்தில் பாதுகாவலர்களைக் கட்டிப்போட்டு, 81 நிமிடத்தில் 13 படைப்புகளை அள்ளிச் சென்றனர். ரெம்பிராண்ட் ஓவியத்தைச் சட்டகத்திலிருந்து கத்தியால் அறுத்தே எடுத்தார்கள்.

13இல் ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. அவற்றை மீட்க உதவும் தகவலுக்கு அறிவிக்கப்பட்ட வெகுமதி 10 மில்லியன் அமெரிக்க டாலர்.