வீட்டைப் பாடசாலையாக்கிய தாய்மாரும் நடுவயதின் மாற்றங்களும்

க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் இறுதி வினாத்தாளுக்கு விடையெழுதிவிட்டு வீடு திரும்பும் பிள்ளை, புத்தகப் பையை ஒரு மூலையில் வைத்துவிட்டு உறங்கச் செல்கின்றது. அன்றைய தினம் அவ்வீட்டில் இன்னொருவரும் நீண்டகாலப் பணியொன்றிலிருந்து ஓய்வு பெறுகின்றார். அவருக்குப் பிரியாவிடை வைபவம் இல்லை. பணிக்கொடை இல்லை. ஓய்வூதியமும் இல்லை. அரிச்சுவடி தொடங்கிய நாள் முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளையின் அருகில் அமர்ந்து கற்பித்த தாயே அவர். அவருடைய வயது அப்போது பெரும்பாலும் நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடைப்பட்டதாக இருக்கும். உடல், குடும்பம், தொழில் ஆகிய மூன்றும் ஒருசேர மாறுகின்ற அப்பருவத்தைப் பற்றி எம்மிடையே போதியளவு பேசப்படுவதில்லை.

மேலை நாடுகளில், குறிப்பாக அமெரிக்காவில், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாது வீட்டிலேயே கற்பிக்கும் முறை ஓர் இயக்கமாக வளர்ந்துள்ளது. ஜோன் ஹோல்ட் என்னும் கல்வியாளர் 1977 இல் அதற்கெனச் சஞ்சிகையொன்றைத் தொடங்கினார். 1993 அளவில் ஐம்பது மாநிலங்களிலும் அம்முறை சட்டபூர்வமாகியிருந்தது. கொவிட் பெருந்தொற்றின்போது, 2020 ஆம் ஆண்டின் வசந்தகாலத்தில் 5.4 வீதமாக இருந்த வீட்டுவழிக் கல்விக் குடும்பங்களின் பங்கு அவ்வாண்டின் இலையுதிர்காலத்தில் 11.1 வீதமாக உயர்ந்ததென அந்நாட்டுக் குடிசன மதிப்பீட்டுப் பணியகத்தின் ஆய்வு காட்டியது. எமது நாட்டில் நிலைமை வேறு. இங்கு கட்டாயக் கல்வி 5 வயது முதல் 14 வயது வரையென இருந்து, 2016 இல் 16 வயது வரை நீடிக்கப்பட்டது. ஆகவே பாடசாலைக்கு மாற்றாக வீடு என்னும் நிலை இங்கில்லை. பாடசாலைக்கு மேலதிகமாக வீடும் ஒரு பாடசாலை என்பதே எமது வழக்கம். ஆயினும் அதற்காகத் தாய் ஒருத்தி செலவிடும் ஆண்டுகள் இரண்டிடத்தும் ஏறத்தாழ ஒன்றுதான்.

இவ்வழக்கத்திற்கு எம்மிடையே நீண்ட வரலாறு உண்டு. 1990 இல் மின்சாரம் அற்றுப்போன யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கின் ஒளியில் பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் தாய்மாரே. அதே ஆண்டில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தின் ஓலைக் குடிசைகளில் தஞ்சம் புகுந்த முஸ்லிம் தாய்மாரும் பிள்ளைகளின் கல்வி அறுந்துபோகாது காத்தனர். அன்று அந்த வெளிச்சத்திற் படித்த சிறுமியரே இன்றைய நடுவயதுத் தாய்மார் என்பது நோக்கத்தக்கது. அவர்கள் தம் பிள்ளைகளுக்காக ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் மாதிரி வினாத்தாள்களைச் சேகரித்தனர். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது ஒரே கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகளுக்குப் பகிர்ந்து கொடுத்து, தாமே ஆசிரியராயினர். கணவர் மத்திய கிழக்கில் இருந்த வீடுகளிலும், போரில் கணவரை இழந்த வீடுகளிலும் இச்சுமை முழுவதும் ஒருவர் தோளிலேயே தங்கியது.

உடலின் கணக்கு

பிள்ளையின் தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கும் தாய், தனது குருதி அமுக்கம் இறுதியாக எப்போது பார்க்கப்பட்டது என்பதை அறியமாட்டார். 2017 முதல் ஆறாம் தர மாணவியருக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கெதிரான தடுப்பூசி பாடசாலைகளிலேயே வழங்கப்பட்டு வருகின்றது. மகளுக்கு அதனை ஏற்றுவதற்குச் சம்மதித்த தாய்மாரில் எத்தனை பேர் அதே நோய்க்கான பரிசோதனையைத் தாம் செய்துகொண்டனர்? இக்கேள்வியை ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுப் பார்த்தல் நன்று.

மாதவிடாய் முற்றாக நின்று பன்னிரண்டு மாதங்கள் கடந்தால் அதனை மாதவிடாய் நிறுத்தம் என்கின்றனர். பெரும்பாலான பெண்களுக்கு இது 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் நிகழ்கின்றது. ஆனால் மாற்றங்கள் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே தொடங்கிவிடுகின்றன. சூலகங்கள் சுரக்கும் ஈஸ்ட்ரஜனின் அளவு ஏறியிறங்கிப் பின்னர் குறைவதால் திடீரென உடல் கொதித்தல், இரவு வியர்வை, உறக்கமின்மை, மூட்டு நோவு, மறதி, எரிச்சல் என்பன தோன்றுகின்றன. அம்மாவுக்கு இப்போதெல்லாம் கோபம் அதிகம் என்று வீட்டார் கூறுவதன் பின்னால் பல மாதங்கள் உறங்காத ஓர் உடல் இருக்கக்கூடும்.

ஈஸ்ட்ரஜன் குறைவதன் விளைவு இத்துடன் முடிவதில்லை. எலும்பின் அடர்த்தி விரைந்து குறைகின்றது. இதய நோய்க்கான வாய்ப்பு உயர்கின்றது. கர்ப்பகாலத்தில் நீரிழிவு ஏற்பட்டிருந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு ஏற்படும் அபாயம் மற்றையோரிலும் அதிகம். வெறும் வயிற்றில் எடுக்கும் குருதியில் சீனியின் அளவு மீண்டும் மீண்டும் டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருப்பின் அது நீரிழிவாகும். களைப்பும் மனச்சோர்வும் தைரொயிட் குறைபாட்டினாலோ குருதிச்சோகையினாலோ வரலாம். எனவே எல்லாவற்றையும் வயதின் மீது சுமத்திவிட்டுப் பேசாதிருப்பது தவறு. மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்த பின்னர் ஒரு துளி குருதி வெளிப்பட்டாலும் தாமதமின்றி வைத்தியரை நாட வேண்டும். மார்பகத்தில் கட்டியோ தோலில் மாற்றமோ தென்பட்டாலும் அவ்வாறே. எமது நாட்டுப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய் என்பதை மறத்தலாகாது.

ஹோர்மோன் சிகிச்சை குறித்துப் பலரிடம் அச்சமுண்டு. 2002 இல் அமெரிக்காவில் நடைபெற்ற பெரும் ஆய்வொன்றின் ஒரு பகுதி, மார்பகப் புற்றுநோய் மற்றும் இதய நோய் அபாயம் காரணமாக இடைநிறுத்தப்பட்டமையே அதற்குக் காரணம். அதன் தரவுகளைப் பின்னர் வயதுவாரியாக ஆராய்ந்தபோது, அறுபது வயதுக்குட்பட்ட, கடுமையான உபாதைகளையுடைய பெண்களிற் பலருக்கு நன்மை மிகுதி என்பது தெரியவந்தது. எவருக்குப் பொருந்தும், எவருக்குப் பொருந்தாது என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் பெருந்தொகை தேவைப்படுவதில்லை. சுகவனிதையர் கிளினிக் என வழங்கப்படும் இலவசச் சேவை 1996 முதல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளினூடாக நடத்தப்படுகின்றது. 35 வயதைக் கடந்த பெண்களுக்கு அங்கு குருதி அமுக்கம், சீனி, உடல் நிறை, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியன பரிசோதிக்கப்படுகின்றன. தமது பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேட்டால் நாளும் இடமும் தெரியும். ஆண் வைத்தியர் இருப்பாரோ என்னும் கூச்சத்தினால் ஒதுங்கி நிற்போர் அதனையும் அவரிடமே முன்கூட்டிக் கேட்டறியலாம். நீரிழிவுக்கு மருந்தெடுப்போர் ரமழான் நோன்புக்கோ கந்தசஷ்டி, கேதார கௌரி விரதங்களுக்கோ முன்னர் வைத்தியரைக் கண்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளுதல் அவசியம்.

குடும்பத்தின் கணக்கு

பிள்ளை பல்கலைக்கழகத்திற்கோ வெளிநாட்டுக்கோ செல்லும்போது வீட்டில் ஒரு வெறுமை தோன்றுவது இயல்பு. பொருளாதார நெருக்கடி மிகுந்த 2022 இல் மாத்திரம் மூன்று இலட்சத்திற்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்காகப் பதிவுசெய்து சென்றனர். ஆகையால் பல தாய்மாருக்குப் பிரிவு எதிர்பார்த்ததற்கு முன்னரே வந்துவிட்டது. கவலை இயல்பானது, ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் நாட்டமின்மை, உறக்கக் குழப்பம், தன்னால் எவருக்கும் பயனில்லை என்னும் எண்ணம் ஆகியன நீடித்தால் அது சிகிச்சை பெறவேண்டிய மனச்சோர்வாக இருக்கலாம். அதற்காக வைத்தியரை நாடுவதில் வெட்கப்பட எதுவுமில்லை.

மற்றொரு மாற்றம் கணவன் மனைவிக்கிடையில் நிகழ்வது. பல ஆண்டுகளாக அவர்களது உரையாடல் பிள்ளையின் புள்ளிகளையும் ரியூஷன் கட்டணத்தையும் சுற்றியே இருந்தது. அவ்விடயம் இல்லாதொழிந்ததும் பேசுவதற்கு எதுவுமற்று இருவர் எதிரெதிரே அமர்ந்திருக்கின்றனர். வளைகுடா நாட்டிலிருந்து இருபது ஆண்டுகளின் பின் திரும்பும் கணவருக்கோ தன் வீடே புதிய இடமாகத் தோன்றுகின்றது. இதே வேளையில் முதிய பெற்றோரின் பராமரிப்பும் இவர்களிடமே வந்து சேர்கின்றது. 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படியே எமது சனத்தொகையில் 12.4 வீதத்தினர் அறுபது வயதை எட்டியோராயிருந்தனர். அவ்வீதம் தொடர்ந்து உயர்ந்து வருகின்றது. ஒரு பாடசாலை மூடப்பட்ட அறையிலேயே ஒரு வைத்தியசாலை விடுதி திறக்கப்படுகின்றது எனலாம்.

கிழக்கிலே தமிழ், முஸ்லிம் சமூகங்கள் இரண்டிலும் மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுக்கும் வழக்கம் உண்டு. பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அருகில் ஒரு சிறு வீட்டிற்கோ கொட்டிலுக்கோ மாறுகின்றனர். உறவு சீராக இருக்கும்வரை இதில் இடர்ப்பாடில்லை. ஆயினும் உறுதி எழுதும்போது தமது சீவிய உரித்தை ஒதுக்கிக்கொள்ளுதல் பெற்றோருக்கு, விசேடமாகத் தாய்க்கு, தக்க பாதுகாப்பாகும். இது பிள்ளையின் மீதான அவநம்பிக்கையன்று, முன்யோசனை.

தொழிலின் கணக்கு

எமது நாட்டில் வேலை செய்யும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே தொழிற்படையில் உள்ளனர். எஞ்சியோர் புள்ளிவிபர மொழியில் பொருளாதார ரீதியாகச் செயற்படாதோர் எனப்படுகின்றனர். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, சமைத்து, பிள்ளையைத் தயார்ப்படுத்தி, இரவு பத்து மணிவரை பாடம் சொல்லிக்கொடுத்த பெண்ணும் அப்பட்டியலில் செயற்படாதவரே.

இதன் நட்டம் நடுவயதிலேயே வெளித்தெரிகின்றது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்துகின்றனர். 2000 ஆம் ஆண்டில் 10,000 ரூபா சம்பளம் பெற்ற ஒரு பெண் வேலையை விடாதிருந்தால், சம்பளம் ஒரு சதமேனும் உயராதிருந்தாலும், மாதம் 2,000 ரூபாவாகப் பதினைந்து ஆண்டுகளில் 360,000 ரூபா சேர்ந்திருக்கும். வட்டி இதற்குப் புறம்பானது. திருமணத்தின் பொருட்டு வேலையை விடும் பெண் தனது சேமலாப நிதியை அப்போதே மீளப்பெறச் சட்டம் இடமளிக்கின்றது. பலர் அவ்வாறு பெற்றுத் திருமணச் செலவுக்கே கொடுத்துவிட்டனர். பெறாதவர்கள் ஐம்பது வயதில் அதனைக் கோரலாம். பழைய தொழில் நிலையத்தின் அங்கத்துவ இலக்கத்தைத் தேடியெடுத்து, நிதியில் ஏதேனும் எஞ்சியுள்ளதா எனத் தொழில் அலுவலகத்தில் விசாரித்தல் ஒரு பிற்பகலில் முடியக்கூடிய வேலை.

மீண்டும் தொழில் செய்ய விரும்புவோருக்கு அரச நியமனங்களின் வயதெல்லை பெரும்பாலும் கடந்துவிட்டிருக்கும். ஆயினும் கதவுகள் யாவும் அடைபடவில்லை. 1980 இல் ஆரம்பிக்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் வயது முதிர்ந்தோரும் கற்கின்றனர். தையல், சமையல் போன்ற துறைகளில் அனுபவம் மட்டும் உள்ளவர்கள், நைற்றா எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையில் முன்கற்றலை மதிப்பிடச் செய்து தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழைப் பெறும் வழியும் உண்டு. பதினைந்து ஆண்டுகள் கணிதமும் தமிழும் கற்பித்த தாய், அயலிலுள்ள நான்கு சிறுவர்களுக்குக் கற்பிப்பதையும் ஒரு தொழிலாகக் கொள்ளலாம். சுயதொழில் புரிவோர் பங்களிப்புச் செலுத்தி ஓய்வூதியம் பெறுவதற்குச் சமூகப் பாதுகாப்புச் சபையின் திட்டங்களும் உள்ளன. ஆனால் உயர்வட்டி நுண்கடனுடன் எதனையும் தொடங்கலாகாது. அதனால் நேர்ந்த துயரத்தை வடக்கும் கிழக்கும் நன்கு அறியும்.

தொழிலுக்குத் திரும்புவது எல்லோரும் செய்தேயாக வேண்டியதன்று. ஓய்வெடுக்க விரும்பும் தாய்க்கு அவ்வோய்வு உரிமையாகும். திரும்ப விரும்பும் தாய்க்கு, இந்த வயதில் ஏன் என்னும் கேள்வி தடையாக அமையக்கூடாது என்பதே முக்கியம். பெண்களின் சராசரி ஆயுள் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாகவுள்ள ஒரு நாட்டில், ஐம்பது வயதின் பின்னர் எஞ்சியிருப்பது முப்பது ஆண்டுகள். பிள்ளையைப் படிப்பித்த காலத்தைப் போல் அது இரண்டு மடங்கு.

பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் பிள்ளையின் புகைப்படத்தைப் பத்திரிகைக்கு அனுப்பிவைக்கும் குடும்பங்கள், அந்த வாரத்திலேயே தாயை ஒருமுறை கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லட்டும். வீட்டு வருமானத்தில் ஒரு சிறு தொகையாவது அவருடைய பெயரிலுள்ள கணக்கில் மாதந்தோறும் வைப்பிலிடப்படட்டும். காலைத் தேநீரை ஒரு நாளாவது வேறொருவர் தயாரிக்கட்டும். அவர் கேட்கமாட்டார். அதனாலேயே நாம் முந்திச் செய்யவேண்டியிருக்கின்றது.