தடுத்திருக்கக்கூடிய மரணம்: அதை அளப்பது எப்படி?

கல்பாக்கத்தை அடுத்த புதுப்பட்டினம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலை செல்வதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே இரவு பகலாக வண்டிகள் பறக்கும் சாலை அது. சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் இயற்பியல் படித்த மாணவன் ஒருவன் இச்சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்டான். தொடை எலும்பு முறிந்திருந்தது. வயிறு வலிக்கிறது என்றான். தன் பெயரையும் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் தானே சொன்னான். பக்கத்திலிருந்த ஒரு மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். அங்கிருந்து இன்னொன்றுக்கு, பிறகு மூன்றாவதற்கு. விடிவதற்குள் இறந்துவிட்டான்.

"ஆயுசு அவ்வளவுதான் சார்" என்று துக்க வீட்டில் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். அவன் தகப்பனாரின் சட்டைப் பையில் முதல் மருத்துவமனை கொடுத்த சீட்டு இருந்தது. 'மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்' என்று ஒரே ஒரு வரி. மணி குறிக்கப்படவில்லை. இரத்த அழுத்தமும் குறிக்கப்படவில்லை. பெரியவர் சொன்னது சரியா, தவறா என்று சோதித்துப் பார்க்க வழி உண்டா? உண்டு. ஆனால் அதற்கு அந்தச் சீட்டில் சில எண்கள் இருந்திருக்க வேண்டும்.

'தடுத்திருக்கக்கூடிய மரணம்' என்பது கண்ணால் காணக்கூடிய பொருளன்று. நடந்ததற்கும் நடந்திருக்க வேண்டியதற்கும் உள்ள வித்தியாசம் அது. கதிரியக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டு யுரேனியத்தில் எந்த அணு அடுத்துச் சிதையும் என்று எவராலும் கூற இயலாது. ஆயினும் ஒரு மணி நேரத்தில் எத்தனை அணுக்கள் சிதையும் என்பதை நம்பிக்கையோடு கூறலாம். காயமுற்றோர் விஷயமும் ஏறத்தாழ இப்படித்தான். தனி ஒருவர் பிழைப்பாரா என்பது தெரியாது. ஒரே அளவு காயமுற்ற நூறு பேரில் எத்தனை பேர் பிழைக்க வேண்டும் என்பது தெரியும்.

முதலில் கையாளப்பட்ட முறை எளியது. இறந்தவர்களின் மருத்துவக் குறிப்புகளை அனுபவமுள்ள மருத்துவர்கள் சிலரிடம் கொடுத்து, 'இவரைக் காப்பாற்றியிருக்கலாமா?' என்று கேட்பது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் இரு மாவட்டங்களை ஒப்பிட்டு வெஸ்ட், ட்ரங்கி, லிம் ஆகியோர் 1979-இல் வெளியிட்ட ஆய்வு புகழ் பெற்றது. சான் பிரான்சிஸ்கோவில் படுகாயமுற்றோர் அனைவரும் ஒரே சிறப்பு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஆரஞ்சு கவுண்டியில் எது அருகில் இருந்ததோ அங்கே. தலைக்காயம் அல்லாத மரணங்களில், ஆரஞ்சு கவுண்டியில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு தடுத்திருக்கக்கூடியவை என்று தெரிந்தது. சான் பிரான்சிஸ்கோவிலோ ஒன்றே ஒன்று! அருகிலுள்ள மருத்துவமனை வேறு, ஏற்ற மருத்துவமனை வேறு என்பது அன்று எண்களால் நிறுவப்பட்டது.

ஆனால் இம்முறையில் அளவுகோலே மனிதர்தான். 1988-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆயிரம் காய மரணங்கள் ஆராயப்பட்டன. மருத்துவமனையில் சேர்ந்தபின் இறந்தோர் 514 பேர். அவர்களில் 102 பேரின் மரணம் தடுத்திருக்கக்கூடியது என்று நான்கு மருத்துவர்களும் ஒருமித்துக் கூறினர். அதாவது 20 சதவீதம். நால்வரில் மூவர் ஒப்பினால் போதும் என்று விதியைச் சற்றுத் தளர்த்தியதும் அது 33 சதவீதமாகிவிட்டது. நான்கு பேர் அளந்து நான்கு விடை வரும் ஸ்கேலை எங்கள் ஆய்வுக்கூடத்தில் வைத்துக்கொள்ள மாட்டோம்.

ஆகவேதான் எண்கள் தேவைப்பட்டன. 1974-ஆம் ஆண்டில் இரண்டு அளவுகள் பிறந்தன. கிளாஸ்கோ நகரின் டீஸ்டேல், ஜென்னட் இருவரும் நினைவு நிலைக்கு, இன்று 3 முதல் 15 வரை மதிப்பெண் தரும் அளவை வகுத்தனர். அமெரிக்கப் பெண்மணி சூசன் பேக்கரும் அவருடைய குழுவினரும் காயத்தின் கடுமைக்கு மதிப்பெண் வகுத்தனர். உடலை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் காயத்துக்கும் ஓர் எண் தருகிறார்கள். கடுமையான மூன்று பகுதிகளின் எண்களை வர்க்கப்படுத்திக் கூட்டுகிறார்கள். ஏன் வர்க்கம்? காயத்தின் கடுமை இரு மடங்கானால் ஆபத்து இரு மடங்கோடு நிற்பதில்லை என்பதால்தான். மொத்த மதிப்பெண் 75-ஐத் தாண்டாது. 15-க்கு மேல் போனால் படுகாயம் எனக் கொள்வது வழக்கம்.

1987-இல் பாய்ட் என்பவரும் அவருடைய துணைவர்களும் இவற்றையெல்லாம் இணைத்துப் பிழைக்கும் நிகழ்தகவைத் தரும் சூத்திரம் ஒன்றை அமைத்தனர். ஒரு கற்பனை நோயாளியைக் கொண்டு அதைப் போட்டுப் பார்ப்போமே. வயது 20. மண்ணீரல் பெரிதாகக் கிழிந்திருக்கிறது: 4 மதிப்பெண். தொடை எலும்பு முறிவு: 3 மதிப்பெண். 16-உம் 9-உம் சேர்ந்து 25. நினைவு நிலை 14. இரத்த அழுத்தம் 84. நிமிடத்துக்கு 28 மூச்சு. இந்த மூன்றையும் அட்டவணைப்படி மாற்றிக் கூட்டினால் உடல்நிலை மதிப்பெண் 7.11 வருகிறது, முழு மதிப்பெண் 7.84. இனி 7.11-ஐ 0.8085-ஆல் பெருக்குங்கள். அதிலிருந்து 25-ஐ 0.0835-ஆல் பெருக்கி வந்ததைக் கழியுங்கள். மேலும் 0.4499-ஐக் கழியுங்கள். விடை 3.21. (வயது 55 அல்லது அதற்கு மேல் என்றால் இன்னொரு கழித்தலும் உண்டு.) 2.718-ஐ இந்த 3.21-இன் எதிர் அடுக்குக்கு உயர்த்தி, ஒன்றைக் கூட்டி, தலைகீழாக்கினால் 0.96. இத்தகைய காயமுற்ற நூறு பேரில் 96 பேர் பிழைக்க வேண்டும்!

அப்படியிருந்தும் ஒருவர் இறந்தால், அவர் மீதி நால்வரில் ஒருவரா என்பதை இந்தக் கணக்கு கூறாது. ஆனால் ஒரு மருத்துவமனைக்கு ஓராண்டில் வந்த அத்தனை பேரின் நிகழ்தகவுகளையும் கூட்டுங்கள். பிழைத்திருக்க வேண்டியவர்களின் எண்ணிக்கை கிடைக்கும். உண்மையில் பிழைத்தவர்களை அதனோடு ஒப்பிடுங்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இதற்கு இறந்தவர்களின் குறிப்பு மட்டும் போதாது, பிழைத்து வீட்டுக்குப் போனவர்களின் குறிப்பும் வேண்டும்.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அமைந்த பதிவேடு ஒன்று இக்கணக்கைப் பல ஆண்டுகள் எழுதி வந்தது. 2010-இல் அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் அதைப் புரட்டிப் பார்த்தது. சில மருத்துவமனைகளில் நூற்றுக்கு ஐந்து பேர் கூடுதலாகப் பிழைத்திருந்தனர். சிலவற்றில் எட்டுப் பேர் கூடுதலாக இறந்திருந்தனர். ஒழுங்கான ஏற்பாடு இருந்தால் ஆண்டுக்கு 450 முதல் 600 உயிர்கள் வரை மிஞ்சும் என்று அது மதிப்பிட்டது. படுகாயச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளில் 60 சதவீதமே கணக்கில் சேர்ந்திருந்தன என்றும் குறை கூறியது. 2012-இல் நாடு முழுவதும் சிறப்பு மையங்கள் வலைப்பின்னலாக இணைக்கப்பட்டன.

நம் நாட்டுக்கு வருவோம். ஐந்து பெருநகர மருத்துவமனைகளில் 18 மாதங்களில் சேர்க்கப்பட்ட 11,671 பேரில், 30 நாட்களுக்குள் 2,523 பேர் இறந்தனர். இவர்களில் 2,057 பேரின் குறிப்புகளை மருத்துவர் குழு ஆராய்ந்து 2017-இல் முடிவை வெளியிட்டது. தடுத்திருக்கக்கூடியவை 58 சதவீதம். காய மதிப்பெண் குறைவாக இருந்து இறந்தவர்களிடையே அது 71 சதவீதம்! மூச்சுக்குழலைத் திறந்து வைப்பது, இரத்தப்போக்கை நிறுத்துவது ஆகிய முதல் பாடங்களில்தான் பெரும்பாலும் கோட்டை விட்டிருந்தனர்.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008-இல் வந்தது. பின்னர் அரசு மருத்துவமனைகளில் அவசர சிகிச்சைக்கென்று தனித் திட்டம் வந்தது. காயமுற்றோரைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துக் கவனிக்கும் முறையும் அதனுடன் வந்தது. 2021 டிசம்பர் 18 அன்று, இதே செங்கற்பட்டு மாவட்டத்து மேல்மருவத்தூரில், 'நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கப்பட்டது. விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பணம் கட்டினால்தான் உள்ளே என்ற தாமதத்தை இது போக்கும் என்பதில் ஐயமில்லை. புதுப்பட்டினத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சுமார் 30 கிலோமீட்டர். சராசரி வேகம் 40 கிலோமீட்டர் என்றால் முக்கால் மணி. நடுவில் வேறிடத்தில் நின்று புறப்பட்டால் அது எவ்வளவாகும் என்பதைப் பதிவேடுதான் சொல்ல வேண்டும்.

பதிவேட்டிலும் பொறிகள் உள்ளன. மோசமான நோயாளியை உடனே வேறிடத்துக்கு அனுப்பிவிடும் மருத்துவமனையின் புத்தகத்தில் மரணமே இராது. அங்கே அவர் 'உயிருடன் சென்றவர்'. இன்னொரு வேடிக்கை: ஆம்புலன்ஸ் விரைவாக ஓடத் தொடங்கினால் மருத்துவமனை மரணங்கள் கூடவும் கூடும்! முன்பு சாலையிலேயே இறந்திருக்கக்கூடியவர்கள் இப்போது வார்டு வரை வந்து இறக்கிறார்கள். வெறும் மரண எண்ணிக்கையைப் பார்ப்பவர், சேவை கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவார். ஆகையால் சாலை முதல் முப்பதாம் நாள் வரை, எத்தனை மருத்துவமனை மாறினாலும், ஒரு நோயாளிக்கு ஒரே வரிசையில் கணக்கு ஓட வேண்டும்.

என் மாணவனுக்கு இக்கணக்கைப் போட முயன்றேன். நினைவு நிலை 15 என்று என்னால் ஊகிக்க முடிந்தது, வீட்டு எண்ணைச் சொன்னானே! மற்ற கட்டங்கள் காலி. காயமுற்றவரோடு நீங்கள் போக நேர்ந்தால், அனுப்பும் சீட்டில் மணி, இரத்த அழுத்தம், மூச்சு எண்ணிக்கை, நினைவு நிலை ஆகியவற்றை எழுதித் தரும்படி கேளுங்கள். பின்னால் வரும் ஆய்வாளருக்கு மட்டுமல்ல, அடுத்த மருத்துவருக்கும் அவை வேண்டும். அவர் அளக்கும்போது அழுத்தம் 84 என்றால், அது ஓர் எண். 40 நிமிடத்துக்கு முன் 110 இருந்தது என்று சீட்டில் இருந்தால், உள்ளே எங்கோ இரத்தம் கசிகிறது என்ற ஐயம் அவருக்கு அக்கணமே எழும்.